ஆறுமணிக்குருவி காட்டிக்கொடுத்த வீடு: கொல்லைப்புறப் பறவைகளும் இட ரகசியமும்

போன அக்டோபர் கடைசி வாரம். விடிய விடியப் பெய்த மழை ஓய்ந்திருந்தது. எங்கள் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்த் தேங்குகிற வாழையடியில், சருகை அலகால் புரட்டிப் போட்டுக்கொண்டு ஏதோ தத்தித் தத்திப் போனது. வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத குட்டை உருவம். பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. ஆறுமணிக்குருவி! காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். புதருக்குள் பதுங்கியே திரிவதால் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை. இரவில் பறந்து வந்து, களைத்துப்போனால் ஊர் நடுவே கிடைத்த தோட்டத்தில் இறங்கிவிடும்.

சமையலறை ஜன்னல் கம்பி வழியாகப் படம் எடுத்தேன். பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன். ‘எங்க?’ என்று நாலைந்து பேர் கேட்க, சந்தோஷத்தில் லொகேஷனையும் அனுப்பினேன். அந்தக் குழுவில் இருநூறு பேர் இருந்தார்கள். எனக்கு முகம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டுப் பதிகிற இ-பேர்டு செயலியிலும் பட்டியலை ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆறேகால். அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு பைக், ஒரு கார். முழங்கை நீள லென்ஸோடு நாலு பேர்.

“அம்மா, கொல்லையில ஆறுமணிக்குருவி இருக்காமே? ஒரே அஞ்சு நிமிஷம்மா.”

“இருக்கட்டும்பா. எங்க வீட்டுக் கொல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. அதில் ஒருவர் கைப்பேசி ஸ்பீக்கரில் அதன் குரலையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கப் பார்த்தார். பறவை மறுநாள் இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னைப்போல் பறவைப் பைத்தியங்கள்தான். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்குச் சரியான பதில், ‘உங்கள் பிள்ளைதான் சொன்னான்’ என்பதுதானே. எதையெல்லாம், யாருக்கெல்லாம், எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருந்தேன் என்று பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு அது உதவும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீடு சென்னைக்குத் தெற்கே, மின்சார ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. அதற்குமேல் இந்த முறை சொல்வதாக இல்லை.

ஒரு பறவைப் பதிவில் நாலு விஷயம் இருக்கும்: என்ன பறவை, எங்கே, எப்போது, யார் பார்த்தது. நமக்கு முதலாவதுதான் கண்ணில் படும். பறவையின் பெயரை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். இன்ன பெயருள்ள ஆள், இன்ன இடத்தில், காலை 6.20-லிருந்து 6.50 வரை இருந்தார். மொட்டைமாடியிலிருந்து தினமும் பட்டியல் போடுகிற ஒருவரின் ஆறு மாதப் பதிவுகளை இப்படிப் படித்தால் அவருடைய நாட்குறிப்பே கையில் கிடைத்ததுபோல்தான். எந்த வாரம் பட்டியல் இல்லையோ அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. அதே வாரம் கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்தில் அவர் பெயரில் பட்டியல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

‘எங்கே’ என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கைப்பேசி இடத்தைக் குறிப்பது அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களால். ஒரு பாகை (டிகிரி) அட்சரேகை தரையில் சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் மட்டும் இருந்தால் துல்லியம் 11 கிலோமீட்டர். தாம்பரமா வண்டலூரா என்று தெரியாது. இரண்டு இலக்கம் என்றால் 1.1 கிலோமீட்டர், எந்தப் பேட்டை என்று தெரியும். மூன்று என்றால் 110 மீட்டர், அதாவது எந்தத் தெரு. நான்கு என்றால் 11 மீட்டர்; வீடு தெரிந்துவிடும். ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டர் கணக்கு. வாழையா முருங்கையா என்று கேட்கிற அளவு. ஜிபிஎஸ் அத்தனை சுத்தமாக வேலை செய்வதில்லை, சில மீட்டர் முன்பின் இருக்கும் என்பது வேறு விஷயம். வீட்டைக் கண்டுபிடிக்க அது தடையே இல்லை.

பறவை ஆய்வுக்கு இந்த இலக்கங்களில் எத்தனை வேண்டும்? காடு, ஏரி, சதுப்புநிலம் என்றால் கூடுதலாக இருப்பது நல்லது. ஊருக்குள் இருக்கிற கொல்லைக்கு, எந்தப் பேட்டை என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். இந்தத் தெருவில் மைனா இருந்ததா அடுத்த தெருவில் இருந்ததா என்பதால் எந்த வரைபடமும் மாறப்போவதில்லை. ஆக, கடைசி மூன்று இலக்கங்கள் பறவையைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்வதில்லை. உங்களைப் பற்றித்தான் சொல்கின்றன. ‘இட ரகசியம்’ என்று இந்தத் துறையில் பேசுவது இவ்வளவுதான்: பதிவை மறைப்பதல்ல, தேவைக்கு மேற்பட்ட துல்லியத்தைக் குறைப்பது.

இனி, அந்தத் துல்லியம் எந்தெந்த வழியாக வெளியே போகிறது என்று பார்ப்போம்.

முதல் வழி செயலியேதான். இ-பேர்டு அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, 2002-இல் தொடங்கியது. அதில் ஏற்றுகிற பட்டியல் இயல்பாகவே பொதுவெளியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து, பார்த்தவர் பெயர், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், வரைபடத்தில் இடம் எல்லாம் பார்க்கலாம். இடத்தை நாமே தேர்ந்தெடுக்காவிட்டால் செயலி நாம் நிற்கிற இடத்தில் ஊசியைக் குத்தி, அந்த எண்களையே இடத்தின் பெயராக வைத்துவிடும். சிலர் இன்னும் நல்லது செய்வதாக நினைத்து அதைத் திருத்தி ‘என் வீடு, கதவு எண் இத்தனை, இரண்டாவது குறுக்குத்தெரு’ என்று எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இதோடு மின்னஞ்சல் எச்சரிக்கை என்று ஒன்று உண்டு. ஒருவர் இதுவரை பார்க்காத பறவை அவர் கேட்டிருக்கிற பகுதியில் பதிவானால், இடத்தோடு, பார்த்தவர் பெயரோடு அவருக்கு அஞ்சல் போகும். அருமையான வசதி. நானே அதை வைத்து எத்தனையோ ஏரிக்கு ஓடியிருக்கிறேன். அந்த அஞ்சலில் வருவது ஒருவருடைய வீட்டுக் கொல்லையாகவும் இருக்கலாம் என்பது அதுவரை மண்டையில் ஏறவில்லை.

இதற்கு வழி எளிது. வீட்டுக்கென்று ஓர் இடத்தை ஒரே ஒருமுறை உருவாக்குங்கள். ஊசியை உங்கள் கூரைமேல் குத்தாமல் நாலு தெரு தள்ளி ஒரு முச்சந்தியில், அல்லது பேட்டையின் நடுவில் வையுங்கள். பெயரில் கதவு எண், குடும்பப் பெயர், ‘வீடு’ என்ற சொல் எதுவும் வேண்டாம். பேட்டையின் பெயரும் ‘குடியிருப்புப் பகுதி’ என்பதும் போதும். ஆனால் ஒரு தப்பு மட்டும் செய்யாதீர்கள்: ஒளிக்கிறேன் என்று பக்கத்து ஏரிமேல் ஊசியைக் குத்திவிட்டால், உங்கள் செம்பருத்திச் செடியில் இருந்த தையல்சிட்டு ஏரி நடுவில் இருந்ததாகக் கணக்காகிவிடும். உங்கள் பெயர் தெரிய வேண்டாம் என்றால் பெயருக்குப் பதில் அநாமதேயமாகக் காட்டவும், ஒரு குறிப்பிட்ட பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கவும் அமைப்புகள் இருக்கின்றன.

செடி, பூச்சி, பறவை என எல்லா உயிர்களையும் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இது இன்னும் தெளிவு. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று நிலை உண்டு: திறந்தது, மங்கலாக்கியது, முற்றிலும் மறைத்தது. மங்கலாக்கினால் உண்மையான புள்ளிக்குப் பதில், 0.2 பாகைக்கு 0.2 பாகை கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளி வெளியில் தெரியும். நம் ஊர்ப் பக்கம் அந்தக் கட்டம் ஏறக்குறைய 22 கிலோமீட்டருக்கு 22 கிலோமீட்டர். ஒரே ஓட்டை: காலை 7.10-க்குக் கொல்லையில் எடுத்த வண்ணத்துப்பூச்சியைத் திறந்து வைத்துவிட்டு, 7.15-க்கு எடுத்த பறவையை மங்கலாக்கினால், உங்கள் பதிவுகளை வரிசையாகப் பார்க்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும். வீட்டில் எடுத்தது என்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வையுங்கள்.

இரண்டாவது வழி, படம். கைப்பேசி எடுக்கிற ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எக்ஸிஃப் என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்: தேதி, நேரம், கேமரா. இட அனுமதி கொடுத்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். ‘படம் மங்குது சார், டாக்குமென்டா அனுப்புங்க’ என்று கேட்பார்கள் பாருங்கள், அப்படி அனுப்பினால் அத்தனையும் அப்படியே போகும். கேமரா அமைப்பில் இடக்குறிப்பை அணைத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

எக்ஸிஃப்பைவிட எனக்குப் பயம், படத்தின் பின்னணிதான். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு மனிதர் நடமாட்டத்துக்கு அஞ்சாமல் வாசல் ஒயரிலும் துணிக்கொடியிலும் கூடு தொங்கவிடும். நண்பர் ஒருவர் வீட்டில் அழைப்புமணி ஒயரில் கட்டியிருந்தது. சிலந்தி நூலில் சருகும் பட்டைத் துணுக்கும் கோத்த பை, வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு தாழ்வாரம். அழகான படம். பெரிதாக்கிப் பார்த்தால் ஒயருக்குப் பின்னால் பெயர்ப்பலகை, கதவு எண், மீட்டர் பெட்டிமேல் மின் இணைப்பு எண், கீழே ஸ்கூட்டர் நம்பர், மூலையில் பள்ளிச் சீருடையில் பேத்தி. பறவை படத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வெட்டி எடுத்துவிட்டுப் போட்டிருந்தால் படமும் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஒலிப்பதிவு பற்றி யாரும் பேசுவதில்லை. மெர்லின் செயலியைத் திறந்து வைத்தால் கேட்கிற குரலை வைத்துப் பறவையைச் சொல்லிவிடும். அந்தப் பதிவை இ-பேர்டு பட்டியலோடு இணைக்கவும் செய்யலாம். செம்மார்புக் குக்குறுவான் ‘டொக், டொக்’ என்று செம்பு தட்டுகிற மாதிரிக் கூப்பிடுவதை மூன்று நிமிடம் பதிந்தேன். ஏற்றுவதற்கு முன்னால் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, குக்குறுவானுக்குப் பின்னால் குக்கர் விசில், அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா கேஸ் புக்கிங்குக்கு யாரிடமோ தன் கைப்பேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது விநாடி மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தேன்.

குறிப்புப் பகுதியும் அப்படித்தான். ‘வால்காக்கை இரண்டு, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தது, அவர்கள் திருப்பதி போயிருக்கிறார்கள், சாவி என்னிடம்’ என்று எழுதி வைத்திருந்தேன். வால்காக்கைக்கு இதில் என்ன சம்பந்தம்? அதோடு, தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்கு மேலே வல்லூறு உட்கார்ந்திருப்பது உங்களுக்குத்தான் தெரியும். எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிவது உங்கள் தொலைநோக்கி. முதல் நாளே போய், ‘பறவை பாக்கறேன் சார், நீங்களும் வந்து பாருங்க’ என்று சொல்லிவிட்டால் வம்பு கிடையாது.

இதுவரை சொன்னது நம் ரகசியம். பறவைக்கும் ரகசியம் உண்டு. ஒருவகையில் அதுதான் கூடுதல் அவசரம். நம்மால் கதவைச் சாத்திக்கொள்ள முடியும். குஞ்சு பொரித்த கூட்டைப் பறவையால் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் தென்னை மரப்பொந்தில் கிளிக்குஞ்சு இருப்பது தெரிந்தால் ஏறுவதற்கு ஆள் இருக்கிறது. ஆந்தைகளைத் தீபாவளியையொட்டி மாந்திரீகத்துக்காகப் பிடித்து விற்பது பற்றி வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கிற டிராஃபிக் (TRAFFIC) என்ற அமைப்பு 2010-இலேயே இந்தியா அளவில் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கொல்லை மாமரப் பொந்தில் புள்ளி ஆந்தைக் குடும்பம் இருந்தால், அது உங்கள் பேட்டைக்குச் சர்வசாதாரணப் பறவையாக இருக்கலாம். ஆனாலும் பொந்தின் படத்தைத் தெருப் பெயரோடு போடாதீர்கள். பிடிக்கிறவன் தேடுவது அரிய பறவையை அல்ல, தினமும் அதே இடத்தில் இருக்கிற பறவையை.

கூடு விஷயத்தில் திருடன்கூடத் தேவையில்லை. படம் எடுக்க நாலு பேர் மாற்றி மாற்றிக் கூட்டருகே நின்றால் தாய் இரை கொண்டுவரத் தயங்கும். நாம் எதையோ உற்றுப் பார்க்கிறோம் என்பதை மதில்மேல் காகம் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் நகர்ந்ததும் அது இறங்கும். அதனால்தான் பல இயற்கை ஒளிப்படக் குழுக்களும் போட்டிகளும் பறவைக் கூடுகளின் படங்களை ஏற்பதே இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அழிவின் விளிம்பில் இருப்பவை, வேட்டைக்கும் வியாபாரத்துக்கும் இலக்காகிறவை எனச் சில இனங்களை இ-பேர்டு தானாகவே மறைத்துவிடுகிறது. அவற்றின் இடம் பொதுப் பார்வைக்கு 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் கட்டமாக மட்டுமே தெரியும். ஐநேச்சுரலிஸ்டும் அப்படிப்பட்ட இனங்களைத் தானே மங்கலாக்கும். உங்கள் கொல்லைக்கு வரும் தேன்சிட்டும் புள்ளி ஆந்தையும் அந்தப் பட்டியலில் வரப்போவதில்லை. அவற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு. மிக எளிய வழி, தாமதம். பார்த்த அன்றே சரியான தேதி, நேரம், எண்ணிக்கையோடு குறித்து வையுங்கள். குஞ்சுகள் பறந்த பிறகு, அல்லது விருந்தாளிப் பறவை கிளம்பிப்போன பிறகு ஏற்றுங்கள். மூன்று வாரம் கழித்து ஏற்றினாலும் பதிவில் இருப்பது பழைய தேதிதான். ஆய்வுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

‘இவ்வளவு தொல்லையா, பேசாமல் நோட்டில் எழுதிவிட்டுப் போகிறேன்’ என்று தோன்றலாம். வேண்டாம். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை சுமார் 30,000 பேர் பதிந்த 3 கோடிக் குறிப்புகள். சிட்டுக்குருவி நாடு முழுக்க அழிகிறது என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 2020 அறிக்கை பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, மொத்தத்தில் ஓரளவு நிலையாக இருக்கிறது என்று காட்டியது. இப்படிப்பட்ட விஷயம் காட்டுக்குள் போகிற நாலு நிபுணர்களால் தெரியவராது. மாடியில் காபி டம்ளரோடு நின்று காகம் பன்னிரண்டு, மைனா நாலு என்று எண்ணுகிறவர்களால்தான் தெரியவரும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாட்களில், குறைந்தது பதினைந்து நிமிடம் நின்ற இடத்தில் எண்ணினால் போதும். தொடங்க அதைவிட நல்ல நாள் இல்லை. பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு மட்டும் பெரியவர் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ இருக்கட்டும். பத்து வயதுக் குழந்தையின் பெயரும் வீட்டுப் புள்ளியும் மாடிக்கு வருகிற நேரமும் ஒன்றாகப் பொதுவெளியில் கிடக்க வேண்டாம்.

அந்த நாலு பேர் வந்துபோன ஞாயிற்றுக்கிழமை, இ-பேர்டில் ‘என் இடங்கள்’ பகுதியைத் திறந்தேன். ஓர் இடத்தின் பெயரையும் ஊசியையும் அங்கே ஒருமுறை திருத்தினால், அதோடு சேர்ந்த எல்லாப் பழைய பட்டியல்களும் மாறிவிடும். வீட்டை முச்சந்திக்கு நகர்த்தினேன்; இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வரிசையில் கீழே போனால் மறந்தே போன இடங்கள் எல்லாம் இருந்தன. ஒரு கோயில் குளம். திருச்சியில் அக்கா வீடு. ஊரில் பெரியப்பா தோட்டம், ‘பம்ப்செட் ரூம்’ என்ற பெயரோடு. அப்புறம், அந்த வருஷம் அம்மாவை முழங்கால் வலிக்குக் கூட்டிக்கொண்டு போன கிளினிக். அவர் உள்ளே இருக்கிற நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் நின்று எண்ணியிருக்கிறேன். பதினோரு செவ்வாய்க்கிழமை, பத்தே முக்காலுக்கு, காகமும் மைனாவும் அணில் விரட்டிய தவிட்டுக்குருவிக் கூட்டமும்.

அக்கா வீட்டை அக்காவிடம் கேட்டு மாற்றினேன். கிளினிக்கின் பெயரை எடுத்துவிட்டு ஊசியை மெயின் ரோட்டுக்குத் தள்ளினேன். கோயில் குளத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டேன்.